காந்தி படத்துக்காக உலகைச் சுற்றிய கோட்டையூர்த் தமிழர்

4 கண்டங்கள்! ஒரு லட்சம் மைல்! 50 ஆயிரம் அடி பிலிம்!

1937-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி.

அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதன் பெயர் சமாரியா. அமெரிக்காவில் நியூயார்க் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பல் அது. சுற்றிலும் தண்ணீர். கரை கண்ணுக்குத் தெரியவில்லை.

கப்பலில் ஒரு தமிழ் இளைஞர் இருந்தார். வயது 26 இன்னும் நிறையவில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போட்டோ பிடிக்கும் கலையைக் கற்றுத் தேர்ந்தவர். டப்ளின் நகருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அன்று காந்திஜியின் பிறந்த நாள். காந்திஜிக்கு 68 வயது நிறைந்த நாள். ஊரில் இருந்தால் கதர்க் கொடி ஏற்றுவார்கள், ராட்டை சுற்றுவார்கள், பொதுக்கூட்டம் நடக்கும். நடுக்கடலில் என்ன செய்வது? இளைஞர் யோசித்தார். அந்த யோசனையில் ஓர் எண்ணம் பிறந்தது.

காந்திஜியின் வாழ்க்கையைச் சினிமாப் படமாக எடுத்தால் என்ன?

வேஷம் போட்ட நடிகரை வைத்து எடுப்பதல்ல. காந்திஜியே நடந்து வர வேண்டும். காந்திஜியே பேச வேண்டும். அவரோடு சிறை சென்றவர்களும், அவர் பின்னால் நடந்தவர்களும் திரையில் தோன்ற வேண்டும். நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும்.

அந்த இளைஞர்தான் ஏ.கே.செட்டியார். "உலகம் சுற்றும் தமிழன்" என்று பின்னாளில் தமிழ்நாடு முழுவதும் பெயர் பெற்றவர்.

கோட்டையூர்ப் பிள்ளை

ஏ.கே.செட்டியாரின் முழுப் பெயர் அண்ணாமலை கருப்பன் செட்டியார். 1911-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூர்.

கோட்டையூர் சாதாரண ஊர் அல்ல. காரைக்குடியில் கல்லூரி கண்ட வள்ளல் அழகப்பச் செட்டியார் அந்த ஊர்க்காரர். பழைய புத்தகங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் நாடக நோட்டீசுகளையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த ரோஜா முத்தையாவும் அந்த ஊர்க்காரரே. அவர் சேர்த்தவை இன்று சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. ஏ.கே.செட்டியாரும் ஒன்றைச் சேர்க்கப் புறப்பட்டவர்தான். அவர் சேர்த்தது பிலிம் சுருள்!

நகரத்தார் குடும்பத்துப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போவது வழக்கம். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதிப் பழகுவார்கள். ஏ.கே.செட்டியாரும் பர்மாவுக்குப் போனார். ஆனால் பெட்டியடிக்குப் போகவில்லை. ரங்கூனில் "தனவணிகன்" என்ற பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார்!

எழுத்தில் ஆசை. ஊர் பார்ப்பதில் ஆசை. படம் பிடிப்பதில் அதைவிட ஆசை. பர்மாவிலிருந்து ஜப்பானுக்குப் போனார். டோக்கியோ நகரில் போட்டோக் கலையைப் பயின்றார். பிறகு அமெரிக்கா சென்று நியூயார்க்கிலும் அதே கலையைப் படித்தார். அந்தக் காலத்தில் தமிழ் இளைஞர் ஒருவர் காமிராவைக் கற்றுக்கொள்ள உலகத்தைப் பாதி சுற்றியது பெரிய அதிசயம்.

போன இடத்தையெல்லாம் எழுதினார். ஜப்பானியர் எப்படிச் சாப்பிடுகிறார்கள், ரயிலில் எப்படி நடந்துகொள்கிறார்கள், கடைக்காரர் எப்படி வரவேற்கிறார், எல்லாவற்றையும் எளிய தமிழில் எழுதினார். பெரிய கட்டிடங்களை அளந்து எழுதுவதில் அவருக்கு அக்கறை இல்லை. மனிதர்களைப் பார்த்தார். அவர் எடுத்த படத்துக்கும் அந்தக் கண்தான் துணை நின்றது.

கதை இல்லாத படம்

சினிமா என்றால் கதை வேண்டும், பாட்டு வேண்டும், ராஜா ராணி வேண்டும் என்று நம் நாட்டில் நினைத்த காலம் அது. தமிழ்ப் படங்களில் 40 பாட்டு, 50 பாட்டு இருக்கும். பாட்டு இல்லாவிட்டால் படமா என்று ஜனங்கள் கேட்பார்கள்.

ஆனால் மேல்நாட்டில் வேறொரு வகைப் படமும் வளர்ந்துகொண்டிருந்தது. உண்மையான மனிதர்களை, அவர்கள் வாழும் இடத்திலேயே, அவர்கள் செய்யும் வேலையோடு படம் பிடிப்பது. இதற்கு டாக்குமெண்டரி படம் என்று பெயர். செய்திப் படம், விவரணப் படம் என்று தமிழில் சொல்வார்கள்.

ராபர்ட் பிளாகர்ட்டி என்ற அமெரிக்கர் வட துருவத்துக்கு அருகே பனிப் பிரதேசத்தில் வாழும் எஸ்கிமோ மக்களிடம் போனார். பனிக்கட்டியில் வீடு கட்டி, கடல்நாய் வேட்டையாடி, பிள்ளை குட்டிகளோடு குளிரை எதிர்த்து வாழும் மக்கள் அவர்கள். அவர்களைப் படம் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தார். ஒரு நாள் கையிலிருந்த சிகரெட் தவறி விழுந்தது. 30 ஆயிரம் அடி பிலிம் எரிந்து சாம்பலாயிற்று! அவர் என்ன செய்தார்? மறுபடியும் பனிப் பிரதேசத்துக்குப் போனார். மறுபடியும் எடுத்தார். "நானூக்" என்ற அந்தப் படம் 1922-ல் வெளிவந்தது. உலகமே பார்த்தது.

இங்கிலாந்தில் கிரியர்சன் என்பவர் மீனவர்களைப் படம் பிடித்தார். கடலில் வலை வீசும் சாதாரண மனிதர்கள் 1929-ல் திரையில் கதாநாயகர்கள் ஆனார்கள்.

ஏ.கே.செட்டியார் எடுக்க நினைத்தது இந்த வகைப் படம். ஆனால் அவருக்கு இருந்த சங்கடம் அந்த இருவருக்கும் இல்லை. எஸ்கிமோக்கள் பனியில் இருந்தார்கள். மீனவர்கள் கடலில் இருந்தார்கள். போனால் படம் பிடிக்கலாம். செட்டியார் எடுக்க நினைத்ததோ நடந்து முடிந்த சரித்திரம். தென்னாப்பிரிக்கப் போராட்டம் முடிந்து 20 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தண்டி யாத்திரை முடிந்து 7 ஆண்டு ஆகிவிட்டது. நடந்து முடிந்ததை மறுபடி எப்படிப் படம் பிடிப்பது?

ஒரே வழிதான் உண்டு. அன்று அந்த இடத்தில் யாராவது காமிராவோடு நின்றிருக்க வேண்டும். அவர் எடுத்த சுருள் எங்காவது ஒரு பெட்டியில் கிடக்க வேண்டும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தேட வேண்டிய இடமோ உலகம் முழுவதும்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காந்திஜிக்குச் சினிமா பிடிக்காது. 1927-ல் சர்க்கார் சினிமா பற்றி விசாரிக்க ஒரு கமிட்டி போட்டது. அந்தக் கமிட்டிக்கு அவர் எழுதிய பதிலில், தாம் சினிமாக் கொட்டகைக்குப் போனதே இல்லை என்றும், சினிமா கெடுதலே செய்கிறது என்றும் தெரிவித்துவிட்டார். போட்டோ எடுப்பதற்காக அவர் நின்று காட்டுவதும் கிடையாது. அப்படிப்பட்டவரின் வாழ்க்கையைத்தான் இந்த இளைஞர் சினிமா ஆக்கப் புறப்பட்டார்.

உப்பு எடுத்த கதை

காந்திஜியின் படத்தைச் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு உப்பு சத்தியாக்கிரகம் ஒன்றே போதும்.

புதுவைக்கு வடக்கே இடையஞ்சாவடி முதலிய செம்மண் கிராமங்களைத் தாண்டிக் கடற்கரையோடு மரக்காணம் போகிறவர்கள் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். வரப்பு கட்டிய பாத்திகளில் உப்புத் தண்ணீர் பாயும். வெயிலில் தண்ணீர் வற்றும். உப்பு பூக்கும். ஆணும் பெண்ணும் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே இறங்கி, நீண்ட காம்பு கொண்ட மரப்பலகையால் உப்பை இழுத்து வாருவார்கள். காலில் வெடிப்பு, கண்ணில் கூச்சம். மழை பெய்தால் பாத்தி எல்லாம் கரைந்து போகும். மறுபடி மிதித்து, மறுபடி வரப்புப் போட்டு, மறுபடி தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அந்த மக்கள் சலிப்பதில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சியில் அந்த உப்புக்கு வரி இருந்தது. சர்க்கார் உத்தரவு இல்லாமல் கடலோரத்தில் யாரும் ஒரு பிடி உப்புக் காய்ச்சக் கூடாது. தானே விளைந்து கிடக்கும் உப்பை அள்ளினாலும் குற்றம். கூழுக்கு உப்புப் போடுகிற ஏழையும் வரி கட்டினான்.

1930-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி காந்திஜி சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களோடு நடந்தார். 24 நாள் நடை. ஏறக்குறைய 240 மைல். ஏப்ரல் 6-ந் தேதி காலையில் தண்டிக் கடற்கரையில் குனிந்து உப்பை எடுத்தார். இந்தியாவே எழுந்து நின்றது.

அந்த யாத்திரையைப் படம் பிடித்தவர்கள் இருந்தார்கள். சும்மா விடுமா வெள்ளைக்கார சர்க்கார்? படங்களுக்குத் தடை போட்டது. பத்திரிகையில் எழுதினால் படித்தவர்களுக்குத் தெரியும். படமாகக் காட்டினால் எழுத்தறியாதவர்களும் தெரிந்துகொள்வார்கள் என்பது சர்க்காருக்கு விளங்கியிருந்தது. தடை செய்த படத்தைக் கொட்டகையில் காட்ட முடியாது. காட்டாத படம் பெட்டியில் கிடக்கும். கிடந்தால் கெட்டுப்போகும்.

தமிழ்நாட்டில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். ஏப்ரல் 13-ந் தேதி புறப்பட்டு 28-ந் தேதி போய்ச் சேர்ந்தார். தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தண்டோராப் போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் வந்தார்கள், எடுத்துச் சாப்பிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று போலீசாருக்குத் தெரியவில்லை!

மரத்தில் சோற்று மூட்டை தொங்கிய காட்சி திரையில் வந்தால் எப்படி இருக்கும்! கேட்டவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. காமிரா நின்ற இடத்துக்கு ஒரு சரித்திரம், நிற்காத இடத்துக்கு ஒரு சரித்திரம் என்று ஆகிவிடுகிறது. இந்த விஷயம் செட்டியாருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் பெட்டிக்குள் கிடப்பதையாவது காப்பாற்றிவிட அப்படி ஓடினார்.

தென்னாப்பிரிக்காவில்

பணம் வேண்டும் அல்லவா? சென்னையில் டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்ற கம்பெனி தொடங்கினார். பிறகு பயணம்.

காந்திஜி உருவானது தென்னாப்பிரிக்காவில். 1893-ல் வழக்கு நடத்தப் போன வக்கீல் அவர். போன சில நாளிலேயே பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அந்த மனிதர் 21 ஆண்டு கழித்துத் திரும்பும்போது சத்தியாக்கிரகம் என்ற புதிய ஆயுதத்தோடு வந்தார்.

ஏ.கே.செட்டியார் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1904-ல் காந்திஜி டர்பனுக்குப் பக்கத்தில் அமைத்த பீனிக்ஸ் ஆசிரமம் அங்கே இருந்தது. காந்திஜியின் மகன் மணிலால் அங்கிருந்து பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். ஜோகன்னஸ்பர்க் நகருக்கு வெளியே டால்ஸ்டாய் பண்ணை. காலன்பாக் என்ற ஜெர்மானிய நண்பர் 1910-ல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காகக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம். சிறைக்குப் போனவர்களின் மனைவி மக்கள் அங்கே ஒரே சமையல் சாப்பிட்டு, செருப்புத் தைத்து, பழ மரம் வளர்த்து வாழ்ந்தார்கள்.

அங்கே போராடியவர்களில் பெரும்பாலோர் யார்? தமிழர்கள்!

கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள். ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக வாழ விரும்பினால் தலைக்கு 3 பவுன் வரி. ஒருவன் பல மாதம் உழைத்தாலும் மிச்சம் பிடிக்க முடியாத தொகை. 1913 நவம்பரில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டு காந்திஜியின் பின்னால் எல்லையைக் கடந்து நடந்தார்கள். ஆண்கள் 2,037 பேர், பெண்கள் 127 பேர், குழந்தைகள் 57 பேர். ரொட்டியும் கொஞ்சம் சர்க்கரையும்தான் சாப்பாடு. அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தமிழ்ப் பெண் வள்ளியம்மை, விடுதலையாகி வந்து 1914 பிப்ரவரி 22-ந் தேதி காய்ச்சலால் இறந்தாள். அவளுக்கு வயது 16.

அவர்களை யாரும் தேடிப் போய்ப் படம் பிடிக்கவில்லை. கூலிகளுக்கு என்ன படம் என்று நினைத்த காலம். ஆனால் 1912-ல் தலைவர் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தபோது பெரிய வரவேற்பு நடந்தது. வந்தவர் பெரிய மனிதர் என்பதால் காமிராவும் வந்தது. கோகலேயோடு காந்திஜியும் அந்தப் படத்தில் விழுந்தார். கோட்டும் கால்சட்டையும் போட்ட காந்தி! அந்தப் பழைய சுருளும் செட்டியார் கையில் சேர்ந்தது. காந்திஜியை இடுப்பு வேட்டியோடு மட்டுமே பார்த்துப் பழகிய நம் ஜனங்களுக்கு அது எவ்வளவு புதுமையாக இருந்திருக்கும்!

ஐரோப்பாவில்

தேடல் ஐரோப்பாவிலும் தொடர்ந்தது. 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்காக காந்திஜி லண்டன் போனார். மாளிகையில் தங்க மறுத்து, ஏழைகள் வாழும் கிழக்கு லண்டனில் தங்கினார். கதர் இயக்கத்தால் வேலை இழந்த லங்காஷயர் ஆலைத் தொழிலாளிகளிடமே நேரில் போய் நின்றார். அவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்தார்கள். அந்தச் சமயத்தில் செய்திப் படக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு அவரைப் படம் பிடித்தன.

செய்திப் படம் என்பது அன்றைய தினசரி மாதிரி. இந்த வாரம் ஓடும். அடுத்த வாரம் அதைக் கேட்பார் இல்லை. டப்பாவில் போட்டுக் கிடங்கில் அடுக்கிவிடுவார்கள். கிடங்கில் ஆயிரக்கணக்கான டப்பாக்கள். குதிரைப் பந்தயம், ராஜா கல்யாணம், கப்பல் விபத்து, எல்லாம் கலந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவே காந்திஜி இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் இருப்பார். அதைக் கண்டுபிடித்து, விலை பேசி, பிரதி எடுத்து வாங்க வேண்டும். விலை அடிக்கணக்கு!

லண்டனில் போலக்கைச் சந்தித்தார் செட்டியார். தென்னாப்பிரிக்காவில் காந்திஜியோடு தோளோடு தோள் நின்று சிறை சென்ற வெள்ளைக்காரர் போலக். பிரெஞ்சு அறிஞர் ரொமெய்ன் ரோலந்தையும் சந்தித்தார். காந்திஜியின் வரலாற்றை எழுதி ஐரோப்பாவுக்கு அவரை அறிமுகம் செய்தவர் ரோலந்து. 1931-ல் சுவிட்சர்லாந்தில் காந்திஜிக்குத் தம் வீட்டில் விருந்து வைத்தவர். இப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, ஓர் ஊரிலிருந்து ஓர் ஊருக்கு என்று தேடல் போயிற்று.

இதற்கிடையே யுத்த மேகம் சூழ்ந்தது. 1939 செப்டம்பரில் இரண்டாவது உலக மகாயுத்தம் மூண்டது. அதற்குப் பிறகு கிடங்குகளில் குண்டு விழுந்தது. கடலில் கப்பல்கள் மூழ்கின. இரண்டு வருஷம் தாமதித்து இந்தத் தேடலைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். ஏறக்குறைய 3 ஆண்டு. 4 கண்டங்கள். சுமார் ஒரு லட்சம் மைல். ஏறத்தாழ 100 காமிராக்காரர்கள் 30 ஆண்டுக் காலத்தில் எடுத்த படங்கள். எல்லாம் சேர்த்து 50 ஆயிரம் அடி பிலிம்!

ஓடுகிற காந்தி

50 ஆயிரம் அடி பிலிம் என்றால் எவ்வளவு? பேசும் படத்தில் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 50 ஆயிரம் அடியையும் ஓட்டினால் 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் கொட்டகைக்குள் போனால் இருட்டின பிறகுதான் வெளியே வரலாம். அதை வெட்டிச் சுருக்கி 12 ஆயிரம் அடி ஆக்கினார். இரண்டே கால் மணி நேரம்.

சுருக்குவது சேர்ப்பதைவிடக் கஷ்டமான வேலை. இந்த ஊர்க் காட்சிக்கு அடுத்து எந்த ஊர்க் காட்சி, எந்த வருஷத்துக்குப் பின் எந்த வருஷம் என்று அடுக்க வேண்டும். ஒருவர் எடுத்தது வெளிச்சமாக இருக்கும். மற்றொருவர் எடுத்தது மங்கலாக இருக்கும்.

பழைய படங்களில் காந்திஜி ஓடுவதுபோலத் தெரிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. பேசாப் படக் காலத்தில் காமிராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு வினாடிக்கு 16 அல்லது 18 படம் விழும். பேசும் படக் கருவியிலோ வினாடிக்கு 24 படம் ஓடும். மெதுவாக எடுத்ததை வேகமாக ஓட்டினால் எல்லோரும் ஓடத்தானே செய்வார்கள்! காந்திஜி இயல்பாகவே வேகமாக நடப்பவர் என்பதையும் சொல்ல வேண்டும். கூட வந்த இளைஞர்கள் பின்தங்கி, ஓடித்தான் அவரைப் பிடித்தார்கள்.

பிலிமைக் காப்பாற்றுவது வேறொரு கவலை. அந்தக் காலத்துப் பிலிம் கற்பூரம் மாதிரி. தீப்பொறி பட்டால் குபீரென்று பிடிக்கும். வெப்பத்தில் வைத்தால் சுருங்கும், பிசுபிசுக்கும், கடைசியில் தூளாகிவிடும். சென்னை வெயிலில் அதைப் பாதுகாப்பது லேசு அல்ல.

ராக்சியில்

1940-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி. சென்னை ராக்சி கொட்டகையில் "மகாத்மா காந்தி" படம் தமிழில் வெளியாயிற்று. காந்திஜியின் வாழ்க்கை பற்றிய முழு நீளப் படம் ஒன்றை உலகத்தில் முதல் முதலாகப் பார்த்தவர்கள் நம் தமிழ் ஜனங்கள்தான்! பிறகு தெலுங்கிலும் வந்தது.

டி.கே.பட்டம்மாள் ராட்டைப் பாட்டுப் பாடினார். மற்றபடி படத்தில் காதல் இல்லை, சண்டை இல்லை, கோமாளி இல்லை. ஆனாலும் ஜனங்கள் பார்த்தார்கள். பத்திரிகை படிக்கத் தெரியாத தாய்மார்கள் காந்திஜியை முதல் தடவையாக நேரில் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

எப்படிப்பட்ட சமயம் அது? காங்கிரஸ் மந்திரி சபை ராஜிநாமாச் செய்துவிட்டது. சென்னை மாகாணத்தில் கவர்னர் ஆட்சி. இரண்டு மாதத்துக்குள் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கி, தலைவர்கள் வரிசையாகச் சிறைக்குப் போனார்கள். 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம். காந்திஜியே சிறையில். அந்தச் சமயத்தில் காந்தி படத்தைக் கொட்டகையில் ஓட்டுவதற்கு யாருக்குத் துணிவு வரும்? படம் இருட்டில் இருந்தது.

ஐந்து ஆண்டு கழித்து விடிந்தது. 1947 ஆகஸ்டில், சுதந்திரம் வந்த நாளையொட்டி, டெல்லியில் அந்தப் படம் இந்தியில் காட்டப்பட்டது. டெல்லி முழுவதும் விளக்கு, கொடி, வாணவேடிக்கை. திரையில் காந்திஜி நடந்தார். நிஜ காந்திஜி எங்கே இருந்தார்? கல்கத்தாவில் ஒரு பழைய வீட்டில், இந்து முஸ்லிம் கலவரத்தை அடக்குவதற்காக உட்கார்ந்திருந்தார். சுதந்திர நாளில் உண்ணாவிரதம் இருந்து ராட்டை சுற்றினார்.

அடுத்த ஐந்தரை மாதத்தில், 1948 ஜனவரி 30-ந் தேதி, அவர் சுடப்பட்டு மறைந்தார். அதற்குப் பிறகு செட்டியார் சேர்த்து வைத்த சுருளுக்கு மதிப்பே வேறாகிவிட்டது. இனிமேல் ஓர் அடி பிலிம்கூடப் புதிதாக எடுக்க முடியாது அல்லவா?

அமெரிக்காவில் ஹாலிவுட் நகரில் அந்தப் படத்தைச் சுருக்கி ஆங்கிலத்தில் தயாரித்தார்கள். செட்டியார் அங்கே போய்ப் பாடுபட்டார். 1953 பிப்ரவரியில் அது காட்டப்பட்டபோது பார்த்தவர்களில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கோட்டையூர்க்காரர் எடுத்த படத்தை அமெரிக்க ஜனாதிபதி பார்த்தார்! வேறொருவராக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே காலம் கழித்திருப்பார்.

பேசாத மனிதர்

ஏ.கே.செட்டியார் அப்படிப்பட்டவர் அல்லர். மேடை ஏற மாட்டார். தம்மைப் பற்றிப் பேச மாட்டார். காமிராவுக்குப் பின்னால் நிற்பதே அவருக்குப் பிடித்திருந்தது.

1943-ல் "குமரி மலர்" என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். சிறிய அளவு. சினிமா நட்சத்திரங்களின் படம் இல்லை. தொடர்கதையும் இல்லை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைத் தேடிப் பிடித்து, அவற்றில் மறைந்து கிடந்த நல்ல கட்டுரைகளை எடுத்துப் போட்டார். பாரதியாரைப் பற்றிய பழைய செய்திகள், காணாமற்போன கடிதங்கள், நூறு வருஷத்துக்கு முன் யாத்திரை போனவர்கள் எழுதிய விவரங்கள் என்று மாதந்தோறும் கொடுத்தார். படத்துக்குச் செய்த அதே வேலையைக் காகிதத்துக்கும் செய்தார் என்று சொல்லலாம். கூட்டம் கூட்டமாக வாங்கவில்லை. வாங்கியவர்கள் பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 40 ஆண்டு நடத்தினார்!

ஊர் சுற்றுவதையும் விடவில்லை. கயானா, கரிபியன் தீவுகள் என்று தமிழர்கள் கூலிகளாகப் போய்க் குடியேறிய இடங்களைத் தேடிப் போனார். மொழியை மறந்துவிட்ட மூன்றாம் தலைமுறையினர் மாரியம்மன் கோயிலை மட்டும் மறக்காமல் இருப்பதை அந்த நாடுகளில் காணலாம். அப்படிப்பட்ட மக்களைப் பற்றி எழுதும்போது அவர் பரிதாபப்பட்டு எழுதமாட்டார். பார்த்ததைச் சொல்வார். அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

வயதான பிறகு காந்தி படம் எடுத்த அனுபவத்தைக் குமரி மலரில் எழுதினார். 1983-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி காலமானார். வயது 71. குமரி மலரும் அவரோடு நின்றது. அந்தக் கட்டுரைகள் அவர் காலத்துக்குப் பிறகு "அண்ணல் அடிச்சுவட்டில்" என்ற புத்தகமாக வந்தன.

படம் என்ன ஆயிற்று?

எடுத்தவர் தேடித் தேடிச் சேர்த்தார். பிறகு அதையே தேட வேண்டி வந்தது! தமிழ்ப் பிரதி எங்கே என்று கேட்டால் கையை விரித்தார்கள். தெலுங்குப் பிரதிக்கும் அதே கதி. ராக்சியில் பார்த்தவர்களின் ஞாபகத்தில் மட்டும் படம் இருந்தது. அவர்களும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். ராக்சி கொட்டகையும் போய்விட்டது.

ஏ.கே.செட்டியாரைப் பற்றி ஆராய்ந்த சரித்திரப் பேராசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி அந்தப் படத்தைத் தேடினார். செட்டியார் காந்திஜியைத் தேடியதுபோல இவர் செட்டியாரின் படத்தைத் தேடினார். கடைசியில் கடல் கடந்து அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகரப் பல்கலைக் கழகத்தில், ஆங்கிலச் சுருக்கப் படத்தின் ஒரு பிரதி கிடைத்தது. ஹாலிவுட்டில் தயாரித்த அதே படம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும்.

1940-ல் தமிழ் ஜனங்கள் பார்த்தது 12 ஆயிரம் அடி. அமெரிக்காவில் கிடைத்தது அதில் பாதிக்கும் குறைவு. மீதிச் சுருள்கள் இன்னும் வந்து சேரவில்லை.